நாலாம் நாள் மத்தியானச் சோறு

கைப்பேசியில் இரங்கல் எழுதுவதற்கு முன் கார்முகிலன் செருப்பைக் கழற்றி வைப்பான். கல்லூரியில் சேர்ந்த காலத்திலிருந்தே அவனுக்கு இந்தப் பழக்கம். எங்கோ ஒரு ரயில் கவிழ்ந்திருக்கும், எங்கோ ஒரு மலை சரிந்து ஊரை மூடியிருக்கும். செய்தியைப் படித்ததும் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று எழுதுவான். ஒருமுறை ஆம்பூர் ரயில் நிலையத்தில் இப்படி எழுதிக்கொண்டிருந்தபோது ரயில் வந்துவிட்டது. எழுதியபடியே ஏறியவன் காட்பாடியில் இறங்கும்போதுதான் காலைப் பார்த்தான். ஊருக்கெல்லாம் செருப்பு தைத்து அனுப்பும் ஆம்பூர்க்காரன் காட்பாடிக் கடைத்தெருவில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த கதையை அவன் அம்மா அம்சவேணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

"போனுல துக்கம் கேக்கறதுக்கு எதுக்குடா செருப்பக் கழட்டற?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"தெரிலம்மா. செருப்போட எழுதினா பொய் எழுதற மாதிரி இருக்குது."

"கழட்டிட்டு எழுதினா மட்டும் நெஜமாய்டுமா?"

அந்தக் கேள்வி அவனுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அம்சவேணி ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வரிசையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். அப்பா சம்பத்துக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. இரண்டு பேர் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் கார்முகிலன். குடியாத்தத்தில் பட்டம் முடித்து, அம்மா வேலை செய்யும் அதே கம்பெனியில் டைம் ஆபீசில் சேர்ந்தான். ஆயிரத்து நானூறு பேரின் வருகையும் விடுப்பும் அவன் கணினி வழியாகத்தான் போகும். படித்த பையன், எழுத்து அழகு என்று பேர் வந்த பிறகு இன்னொரு வேலையும் அவனைத் தேடி வந்தது. "சார், எங்க மாமியா போய்ட்டாங்க, ஸ்டேட்டஸ் வெக்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். அவன் உடனே எழுதிவிட மாட்டான். செத்தவர் என்ன வேலை செய்தார், எதைத் திட்டுவார், எதை விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்பான். ஒருவருக்கு எழுதியதை மாற்றி இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை என்பது அவனுடைய சின்ன கர்வம்.

பக்கத்து மேசையில் பி.எஃப். வேலை பார்க்கும் சைரா அவனுக்கு இரங்கல் டிபார்ட்மென்ட் என்று பேர் வைத்திருந்தாள். "நான் செத்தா நல்லா எழுதுவியா?" என்பாள். "இன்னும் மேட்டர் பத்தாது, கொஞ்ச நாள் இரு" என்பான் அவன்.

இப்படி எழுதியதிலேயே பெரிதாகப் போனது ஆதிகேசவனைப் பற்றி எழுதியது.

ஆதிகேசவன், கார்முகிலனுடைய கல்லூரி நண்பன் பூவரசனின் அப்பா. குடியாத்தத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி போட்டு லுங்கி நெய்தவர். கல்லூரிக்கும் அந்த வீட்டுக்கும் ஐந்து நிமிட நடை. முதல் வருஷம் ஒருநாள் மதியம் பூவரசன் வீட்டுக்கு இழுத்துப் போனான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் கார்முகிலனுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அவன் தட்டின் முன் உட்கார்ந்ததும் ஆதிகேசவன் போய் ஓடுகிற தறிகளையெல்லாம் நிறுத்திவிட்டு வருவார். "சத்தத்துல சோறு எறங்காது" என்பார். யோகலட்சுமி அம்மா அவனிடம் யார் வீடு, எந்தத் தெரு என்று ஒருநாளும் கேட்டதில்லை. மோர் வேண்டுமா என்று மட்டும்தான் கேட்பார். அவன் அந்த வயதில் பழகிய எல்லா வீடுகளும் அப்படி இருந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. அந்தத் தெருவில் தண்ணீர் புகுந்து விடிகாலையில் சுவர்கள் இடிந்தன. மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் ஆதிகேசவன்.

கார்முகிலனுக்கு ஆபீசில் ஒன்பது மணிக்குத்தான் தெரிந்தது. மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டு எழுத ஆரம்பித்தான். ஒரு மாணவன் சாப்பிடுவதற்காக நாலு தறியையும் நிறுத்திய ஒரு மனிதரைப் பற்றி எழுதினான். வேறெதையும் எழுதவில்லை. மதியத்துக்குள் ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். மறுநாள் ஆறாயிரம். துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் அழுதோம் என்று எழுதினார்கள். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" என்று அவனுக்கு எழுதினார்கள். அவனும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். கைகூப்பிய படம் ஒன்றை விரல் ஓயாமல் எல்லோருக்கும் தட்டிக்கொண்டே இருந்தான். துக்க வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி இரண்டு நாள் கம்பெனியில் நடமாடினான்.

பாலாற்றுத் தரைப்பாலம் முங்கிக் கிடந்ததால் முதல் இரண்டு நாள் போக வழியில்லை. மூன்றாம் நாள் பஸ் விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அரிசியும் தார்ப்பாயும் அனுப்புகிறோம் என்று சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. எந்தத் தெரு, எத்தனை வீடு, யாருக்குப் பேச வேண்டும் என்று அவன்தான் இருந்து எல்லாம் சொன்னான். அது பொய் வேலை இல்லை. லாரி போய்ச் சேர்ந்தது. ஆனால் அவன் போகவில்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் என்று கடந்தன. இனிமேல் போனால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்களே என்ற கூச்சம் ஏழாம் நாள் வந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று காய்ச்சல் என்று சொன்னான். காய்ச்சல் இருந்தது உண்மை. பஸ் ஏற முடியாத அளவுக்கு இல்லை என்பதும் உண்மை.

பூவரசன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். அவன் கார்முகிலன் எழுதும் ஒவ்வொன்றுக்கும் வந்து ஒரு விருப்பக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போனான். இரண்டு வருஷமாக அந்த விருப்பக்குறி முள்ளாகக் குத்தியது.

போன ஆவணி மாதம் ஒரு மதியம், கைப்பேசியில் பூவரசனின் கல்யாணப் பத்திரிகை வந்தது. வெறும் படம். அதன் கீழே ஒரு வரி. "நீ போன்லயே துக்கம் கேட்ட, நானும் போன்லயே பத்திரிகை வெக்கறேன். சரிக்குச் சரி."

கார்முகிலன் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். சைரா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாக் குடுத்துக்கீறான் உன் தோஸ்த்" என்றாள். "நீ நெஜமாவே போகலியா?"

"எழுதினேன் இல்ல."

"எழுதினத நானும்தான் படிச்சேன். எங்க அம்மாவுக்குப் படிச்சிக் காட்டினேன், அவங்களும் அழுதாங்க. நீ போகலன்னு அப்ப எனக்குத் தெரியாது." நாற்காலியை அவன் பக்கம் திருப்பி மறுபடி கேட்டாள். "எங்கள்ல மூணு நாளுக்குள்ள போய் உக்காந்துட்டு வந்துரணும். நீ ரெண்டு வருஷமா ஷூவக் கழட்டிக்கினே இருந்தியா?"

வீட்டில் அம்சவேணியிடம் பத்திரிகையைக் காட்டினான். அவள் படத்தைப் பெரிதாக்கி முருகர் படத்திலிருந்து மண்டபத்தின் பேர் வரைக்கும் படித்தாள்.

"கல்யாணத்துக்குப் போலாமாம்மா?"

"எந்தக் காலை வெச்சிப் போவ? கெட்டதக் கேக்காத வூட்டுக்கு நல்லதுக்குப் போகக் கூடாதுடா. மொதல்ல போய்த் துக்கம் கேளு."

"ரெண்டு வருஷம் கழிச்சா?"

"இருவது வருஷம் ஆனாலும் கேக்காதது கேக்காததுதான்." அவள் பத்திரிகையில் பந்தக்கால் தேதியைத் திரும்பப் பார்த்தாள். "திங்கக்கெழம பந்தக்கால் நடறாங்க. பந்தக்கால் நட்டுட்டா அந்த வூட்ல சாவப் பத்திப் பேச்செடுக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம வுட்டா அப்பறம் எப்பவும் இல்ல. கல்யாணத்துக்கும் இல்ல, அந்தப் பையனும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பும்போது மேலும் சில கட்டளைகள் வந்தன. பழம் வாங்கிப் போகாதே. பளிச்சென்று சட்டை போடாதே. வரும்போது போய்ட்டு வர்றேன் என்று சொல்லாதே, பேசாமல் எழுந்து வந்துவிடு.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தான். யார் யாருடைய மாமியாருக்கோ வரி வரியாக எழுதியவனுக்கு அன்று சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. தோன்றிய இரண்டு வரியும் நன்றாக இருந்தன. நன்றாக இருந்ததாலேயே அவற்றை விட்டுவிட்டான்.

இடிந்த சுவர் இருந்த இடத்தில் சிமெண்ட் கல் சுவர் எழும்பியிருந்தது. உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கைலியோடு நின்றிருந்த பூவரசன் இவனைப் பார்த்தான். தறியை நிறுத்தவில்லை. கூடத்தில் யோகலட்சுமி அம்மா மடித்த லுங்கிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற கார்முகிலனை ஏற இறங்கப் பார்த்தார். பழைய சட்டை, வெறுங்கை. எதற்கு வந்திருக்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதனால் வா என்று அழைக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவனை அப்படி அழைக்கும் வழக்கமில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அவன் போய் உட்கார்ந்தான். எல்லோரும் கேட்கிற, அவன் மட்டும் இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டான்.

"எப்படிம்மா ஆச்சு?"

அவர் லேபிள்களை ஓரம் வைத்தார். "நல்லாத்தான் இருந்தாரு" என்று ஆரம்பித்தார். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, கொட்டகையில் ஒழுகுகிறதென்று வாளி வைத்துக்கொண்டே இருந்தார், விடிகிற நேரத்தில் பாவு நூல் நனைகிறதென்று இழுத்து உள்ளே வைக்கப் போனார், நான் வேணாம் என்றேன், காப்பி போடு வந்துட்டேன் என்றார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நூறு பேருக்குச் சொன்னதுதான். ஆனாலும் காப்பி என்ற இடத்தில் நின்றுவிட்டார். தறிச் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. கார்முகிலன் முன்னால் குனிந்தான். அப்போது கொட்டகையில் ஒவ்வொரு தறியாக நின்றது. பூவரசன் கதவோரம் வந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

"காப்பி போட்டு வெச்சிட்டுக் கூப்புடறேன், சத்தம் இல்ல" என்று அவர் முடித்தார்.

கார்முகிலன் அழுதான். மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டு எழுதிய அன்று அவனுக்கு அழுகை வந்திருக்கவில்லை என்பது இப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோகலட்சுமி அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். அவன் எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து லேமினேஷன் போட்டிருந்தது. "தார்ப்பாய் எடுத்தாந்தவங்க குடுத்தாங்க. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவேன். நல்லாத்தான் எழுதிக்கீற. ஒன்னே ஒன்னு தப்பு."

"இன்னாம்மா?"

"நாலு தறின்னு போட்டுக்கீற. அஞ்சு. மூலைல இருக்கறது உன் கண்ணுல படல."

பூவரசன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "நாலாம் நாள் சோத்தப் பத்திக் கேளும்மா."

"வுட்றா, இப்ப எதுக்கு" என்றார் அவர்.

"எந்தச் சோறு?" என்றான் கார்முகிலன்.

"போனு இருக்குது இல்ல, மேல தள்ளிப் பாரு" என்றான் பூவரசன்.

அவர்கள் வழக்கத்தில் சாவு வீட்டில் காரியம் முடியும்வரை அடுப்பு எரியாது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் பங்காளிகளும் சம்பந்திகளும் முறை வைத்துக் கொண்டுவருவார்கள். அந்த முறையில் பேர் வருவது சொந்தக்காரர்களுக்கு மட்டும் உள்ள உரிமை. கார்முகிலன் இரண்டு வருஷத்துச் செய்திகளை விரலால் தள்ளித் தள்ளி அந்த ஐப்பசிக்குப் போனான். பூவரசன் அனுப்பியது அங்கே இருந்தது. "நாலாம் நாள் மத்தியானச் சோறு உன்னுது மச்சி. பன்னெண்டு பேரு. சாம்பார் போதும். அம்மா சொல்லச் சொன்னாங்க." அதற்குக் கீழே, அதே நிமிடத்தில், அவன் அனுப்பிய கைகூப்பிய படம். ஆறாயிரம் பேருக்குத் தட்டிய விரல், படிக்காமலே இதற்கும் தட்டியிருந்தது.

"நீ படிச்சிட்டன்னு நெனச்சிக்கினோம்" என்றான் பூவரசன். "பெரியப்பா மொதல்லயே ஒத்துக்கல. சொந்தம் இல்லாதவன் சோறு எப்படி எறக்கறதுன்னாரு. மூணு வருஷம் என் கையால சாப்ட்டவன் சொந்தம் இல்லாம இன்னான்னு அம்மாதான் சண்ட புடிச்சாங்க. அப்பறம் ரெண்டு மணி வரைக்கும் எலையப் போட்டுக்கினு உக்காந்திருந்தோம். ரெண்டு மணிக்குப் பெரியப்பா இன்னா சொன்னாருன்னு நான் சொல்ல மாட்டேன். நான் போய் பன்னு வாங்கியாந்தேன்."

கார்முகிலன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "நாளைக்கே எடுத்தாரேம்மா. பன்னெண்டு பேருக்கும். பெரியப்பாவையும் கூப்புடுங்க."

"நாளைக்குப் பந்தக்கால்" என்றார் யோகலட்சுமி அம்மா. "அது சாவு வூட்ல எறக்கற சோறு. கல்யாண வூட்ல எறக்க முடியுமா? நீ ஆம்பூர் பிரியாணியே அண்டா அண்டாவா கொண்டாந்தாலும் அது வேற சோறு, இது வேற சோறு."

"அப்ப எப்பம்மா குடுக்கறது?"

"குடுக்க முடியாது. பாக்கிதான்." அவர் லேபிள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. தறி ஐந்து என்று திருத்தியது போலத்தான் இதையும் சொன்னார்.

கார்முகிலன் சற்று நேரம் இருந்துவிட்டு, அம்மா சொல்லி அனுப்பியபடி பேசாமல் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். தெருமுனைக்குப் போயிருப்பான், பின்னாலிருந்து பூவரசனின் சத்தம் வந்தது.

"டேய், மொனைய தொட்டுட்டியா?"

"இன்னாது?"

"தெருமொனைய. தொட்டுட்டன்னா துக்கம் முடிஞ்சிது. திரும்பி வா. பத்திரிகை வெக்கணும்."

அவன் திரும்பி வந்தான். இந்தத் தடவை யோகலட்சுமி அம்மா வாசலிலேயே நின்று "வாப்பா முகிலு, வா" என்றார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய அச்சுப் பத்திரிகை எல்லாம் அதற்குள் வந்திருந்தன. பூவரசன் தட்டை நீட்டினான். "வூட்ல எல்லாரையும் கூட்டிக்கினு வரணும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லப் போய், சிரிப்பு வந்து, தட்டு ஆடிப் பாக்கு உருண்டது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினார்கள்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது அம்சவேணி முறை வைத்த விஷயத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"நமக்கா? அந்த வேளைய நமக்கா குடுத்தாங்க?"

"ஆமாம்மா."

அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு ஆக்கியிருப்பனேடா. ரெண்டு படி அரிசி போட்டிருப்பேன்" என்றாள். அவனை அவள் திட்டியதெல்லாம் அவ்வளவுதான். அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று பேரும் போனார்கள். அம்சவேணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். யோகலட்சுமி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வைத்தார். கார்முகிலன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓடினான். பெரியப்பா இலையில் இரண்டு தடவை ஊற்றினான். மாலையும் கழுத்துமாக வந்த பூவரசன் அவன் காதருகே குனிந்து, "எத்தினி பந்தி போட்டாலும் அது கழியாது மச்சி" என்றான்.

கார்முகிலன் அதற்குப் பிறகு மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் எங்காவது நிலம் நடுங்கினால் செருப்பைக் கழற்றிவிட்டு எழுதுகிறான். எழுதுவது பொய்யா நிஜமா என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுதியதால் தார்ப்பாய் போய்ச் சேர்ந்தது, எழுதிக்கொண்டிருந்ததால் சோறு போகவில்லை. இரண்டையும் செய்தவன் தான்தான் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வான். வருகிற செய்தியைப் படித்து முடிக்காமல் கைகூப்புவதை மட்டும் நிறுத்திவிட்டான். கம்பெனியில் யாராவது இரங்கல் வரிக்கு வந்து நின்றால், "வூட்ல சாப்பாடு யாரு பாத்துக்கறாங்க?" என்று முதலில் கேட்கிறான். சைரா அதற்கும் ஒரு பேர் வைத்துவிட்டாள், கேன்டீன் டிபார்ட்மென்ட் என்று.

கல்யாணம் முடிந்து வந்த ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று காலையிலிருந்தே படங்கள் வந்தன. ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கார்முகிலனுக்குப் பூவரசனிடமிருந்து செய்தி வந்தது. அவன் அதை முழுதாக, இரண்டு முறை படித்தான்.

"தெருவுல முழங்கால் தண்ணி. செவுரு நல்லா நிக்குது. அஞ்சு தறியும் ஓடுது. உன் சோறு இன்னும் வேணாம்."

"பாக்கி இருக்கட்டும் மச்சி" என்று கார்முகிலன் பதில் எழுதினான். ஷூ காலில்தான் இருந்தது.